போடாத ஊசியோடு முகாம் வாசல் வரை

அன்று காலை 6.10க்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் இருந்தவர்கள்: நான், பத்தொன்பது வயதாகும் என் மகன் திவாகர், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வங்காளதேசத் தொழிலாளி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மா. வழியனுப்ப வருவதாகச் சொன்னவர்களில் என் தம்பி லோரி எடுத்துக்கொண்டு ஜோகூருக்குப் போய்விட்டான். கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு பேக்கிங் செய்யும் சரசுவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. திவாகரின் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஆக, பட்டாளத்துக்குப் போகும் பிள்ளையை வழியனுப்பிய கூட்டம் நான் ஒருத்திதான்.

பன்னிரண்டு மணிக்குள் செராஸுக்கு அப்பால் இருக்கும் ஒரு முகாமில் அவன் பேர் கொடுக்க வேண்டும். அங்கே உடம்பைப் பார்த்து, ஊசி போட்டு, தேறியவர்களை மாலையில் பஸ்ஸில் ஏற்றித் தெற்கே கடலோரப் பயிற்சி முகாமுக்குக் கொண்டுபோவார்கள். ஆறு மாதப் பயிற்சி. என்னைப் போலப் பிள்ளையை அனுப்பப்போகும் அம்மாக்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவரச் சொன்னவை: வெள்ளை பனியன் ஆறு, கறுப்பு கான்வாஸ் காலணி, பூட்டு ஒன்று, அசல் பத்திரங்கள், சின்ன வயதுத் தடுப்பூசிப் புத்தகம் இருந்தால் அதுவும். பூட்டு மட்டும் நான் மூன்று வாங்கி வைத்தேன். ஒன்று தொலைந்தால், இன்னொன்று திறக்காவிட்டால் என்ற யோசனைதான். ரயிலேறிப் பாடாங் ஜாவா நிலையம் வருவதற்குள் பத்திரங்களை நான்கு முறை எண்ணிவிட்டேன்.

"அம்மா, பேப்பருக்குக் கால் முளைச்சு ஓடாதும்மா" என்றான் திவாகர்.

சிரித்து வைத்தேன். என் பயம் பத்திரத்தைப் பற்றியது அல்ல. அந்தத் தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசி வரியைப் பற்றியது.

அவனுக்கு ஒரு வயதில் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. என் மடியிலேயே கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. அப்போது நாங்கள் டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தானாகவே நின்றுவிட்டது. பயமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். என் மனது கேட்கவில்லை. அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு நர்சுகள் அடுத்த ஊசியோடு வந்த நாளில், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மறுவருடம் கிள்ளானுக்குக் குடிவந்தபோது புதுப் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைக் கேட்டார்கள். கட்டம் காலியாக இருந்தது. அவனோடு ஒரே வகுப்பில் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் புத்தகத்தை இரவல் வாங்கி, அதிலிருந்த தேதியையும் நர்சின் கையெழுத்தையும் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். இழுப்பு வந்ததும் அவனுக்குத் தெரியாது, அந்த வரியை எழுதியது நான் என்பதும் தெரியாது. பட்டாளத்துக்கு மனுப் போட்டபோது 'இழுப்பு வந்ததுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அவன் தட்டியபோதும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஷா ஆலம், சுபாங் ஜெயா எல்லாம் கடந்துபோயின. வண்டியில் கூட்டம் ஏற ஏற, சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொன்னால் அவனைக் கழித்துவிடுவார்கள். சொல்லாமல் விட்டு, அங்கே ஊசி போட்டு, காய்ச்சல் கண்டு, ராத்திரி இழுத்தால்? ஒரு கூடத்தில் நாற்பது கட்டில் இருக்குமாம், யார் கவனிப்பார்கள்?

7.35க்கு சென்ட்ரல் நிலையத்தில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நடந்தோம். பத்து நிமிட நடை. பூக்கடைகளில் மாலை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு கடையில் நான்கு தோசை, இரண்டு டீ, பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு. அவன் மூன்று சாப்பிட்டான். என்னுடைய ஒன்றில் பாதி இலையிலேயே கிடந்தது. எதிரில் மாடியில் ஒரு கிளினிக், எட்டரைக்குத் திறக்கும் என்று பலகை. "ஒரு செக்கப் பண்ணிட்டுப் போயிரலாம்" என்றேன்.

"அங்கதான் பாக்கப்போறாங்களே!"

"பாக்கட்டும். நானும் ஒருவாட்டி பாத்துக்கிறேன்."

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. புத்தகத்தைப் புரட்டிக் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது யார் எழுதினது? நர்சுங்க கையெழுத்து இவ்வளவு பொறுமையா இருக்காதே" என்றார்.

"நான்தான் டாக்டர்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மகன் முகத்தைப் பார்க்காமல், மேசை மேலிருந்த பேனாக் குவளையைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. அதுவே கஷ்டமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி இழுப்பது உண்டு, பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்றார். "அதுக்கப்புறம் வந்துச்சா?" வரவில்லை. "அப்போ பயப்பட ஒண்ணும் தெரியலை. ஆனா சேத்துக்கிறதா இல்லையான்னு அங்க இருக்கிற டாக்டர்தான் சொல்லணும், நான் இல்லை. தம்பி, அங்க மறைக்காதே. போடாத ஊசியப் போடலன்னு சொல்லு, அவங்களே போட்டு எழுதிக்குவாங்க. வெறும் வயித்துல நிக்காதே. ஊசி போட்டதும் எழுந்து ஓடாதே, உட்கார வைப்பாங்க, உட்காரு. தலை சுத்தினா வாய் திறந்து சொல்லு. வீரம் அப்புறம் காட்டலாம்."

முப்பத்தைந்து வெள்ளி. படி இறங்கும்போது திவாகர் கேட்டான். "பன்னெண்டு வருஷமா சொல்லலையேம்மா?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனான்.

9.50க்குப் போனில் கூப்பிட்ட கார் வந்தது. முகாம் வரை பதினான்கு கிலோமீட்டர், பத்தொன்பது வெள்ளி. ஓட்டுநர் சேகர் என்பவர், பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவராம். பின்சீட்டில் நாங்கள் ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ரெக்ரூட் யாரு அக்கா? நீங்கதான் வேர்த்துப்போய் உட்காந்திருக்கீங்க."

திவாகர் லேசாகச் சிரித்தான். அவர் தொடங்கிவிட்டார்.

"மொத நாள் முடி போயிரும் தம்பி. கண்ணாடி பாக்காதே, அழுகை வரும். போனை வாங்கி வச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் குடுத்தா பெரிய விஷயம். அம்மாவ அந்த நேரத்துல அழ வேணாம்னு சொல்லிவை, நேரம் பூரா அதுலயே போயிரும்."

"ஊசி எப்படிண்ணே?" என்று அவன் கேட்டான்.

"வரிசைதான் லா. சட்டையக் கழட்டிட்டு நடக்கணும். ரெண்டு பக்கமும் ஆளு நிக்கும். இடது கையில ஒண்ணு, வலது கையில ஒண்ணு, நீ யாரப் பாக்குறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். எங்க செட்டுல ஒருத்தன், ஆறடி, மீசை இம்புட்டு. ஊசியக் காட்டுனதும் வாழை மரமாட்டம் சாஞ்சிட்டான். அவனுக்கு ஆறு மாசமும் பேரு வாழைதான்." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "கை ரெண்டு நாள் வலிக்கும். சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும். கூடத்துல காவல் போட்டிருப்பாங்க அக்கா. முனகுனா டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. எட்டிப் பாக்க ஆளு இருக்கும்" என்றார்.

நான் எதுவும் கேட்காமலேயே அதைச் சொன்னார்.

10.35. முகாம் வாசலில் ஐம்பது அறுபது குடும்பங்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். பாட்டி, பேரன், பாய், சோற்றுப் பானை என்று ஊரே வந்திருந்தது. தமிழ்க் குடும்பம் என்று என் கண்ணுக்கு இரண்டுதான் பட்டது. கூடாரத்துக்கு முன்னால் நீள மேசை போட்டு மறுபடியும் உடல்நலத் தாள் கொடுத்தார்கள். பையன்கள் முழங்காலில் வைத்து எழுதினார்கள். திவாகர் கயிற்றுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் நிறைய நேரம் பேனாவை எடுக்கவில்லை. எழுதாமல் விட்டாலும் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

பிறகு எழுந்து என்னிடம் வந்தான். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"எத்தனை வயசுல வந்துச்சு?"

"ஒரு வயசு, ஒரு வாரம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்யா. எனக்கு ரொம்ப நேரமா தெரிஞ்சிச்சு."

"ஒரே வாட்டிதானே?"

"ஒரே வாட்டிதான். சத்தியமா."

எல்லாவற்றையும் எழுதினான். அந்தக் கடைசி ஊசி போடவில்லை என்றும் எழுதினான். புத்தகத்தோடு தாளை நீட்டியதும் மேசைக்குப் பின்னால் பட்டாளச் சீருடையில் இருந்த சார்ஜன் படித்துப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் போகும் வரிசையில் விடாமல் தனியாக இருந்த சின்னக் கூடாரத்தைக் காட்டினார். திவாகர் பையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போனான். துணி மறைத்துவிட்டது.

11.40லிருந்து காத்திருந்தேன். சார்ஜன் இரண்டு முறை வந்து, "பலிக் டூலு, மக்சிக்" என்றார். வீட்டுக்குப் போங்கள் அம்மா, முடிவைப் போனில் சொல்வோம் என்கிறார். நான் தலையாட்டிவிட்டு அதே இடத்தில் நின்றேன். ஒரு மலாய்க் குடும்பம் பாயில் இடம் விட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தது. அவர்கள் பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மூன்று மணிக்கு அவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நான்கு மணிக்கு மழை வந்து நின்றது. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். கிள்ளானில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. இடம் போதவில்லை என்று பத்து வருடமாகப் புலம்பியிருக்கிறேன்.

4.45க்கு சார்ஜன் ஒரு தாளோடு வாசலுக்கு வந்தார். தேறாமல் இன்று திரும்பிப் போக வேண்டியவர்களின் பெயரைப் படிக்கிறேன், வீட்டார் இருந்தால் அழைத்துக்கொண்டு போகலாம் என்றார். முதல் பெயருக்கு என் பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது, மூன்றாவது பெயருக்கு யாரும் முன்வரவில்லை. நான்காவது பெயருக்குரிய பையன் அதற்குள்ளாகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். ஐந்தாவது பெயரைப் படித்துவிட்டு சார்ஜன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

அவன் தேற வேண்டும் என்று காலையிலிருந்து எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் காத்துக்கொண்டு நின்றது ஆறாவதாக அவன் பெயரைக் கேட்பதற்கு.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

5.20க்கு மூன்று பஸ்கள் வெளியே வந்தன. எல்லாத் தலையும் மொட்டை, எல்லா உடம்பிலும் ஒரே வெள்ளை பனியன். அவன் எந்தப் பஸ்ஸில், எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் கையாட்டினேன்.