வண்ண அட்டையின் பின்புறம் பாகான் செராய்

மெல்பேர்ணில் மல்கிரேவ் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் மலேசியாவுக்குப் புறப்படுவதற்கு முன்பு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். பயணச்சீட்டு வாங்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாத ஆயுள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குணசீலனிடம் போக வேண்டும். முதல் இரண்டையும் மறந்துவிட்டு விமான நிலையத்தில் விழித்தவர்கள் உண்டு. மூன்றாவதை மறக்க வழியில்லை. நாம் போகாவிட்டால் அவரே வந்துவிடுவார்.

பேராக் மாநிலத்தில் பாகான் செராய் என்ற சிற்றூரிலிருந்து 1983இல் வேதியியல் படிக்க வந்தவர் அவர். படிப்பு முடிந்ததும் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரிவதில் அவர் பதினேழு வெள்ளைகளைப் பிரித்துச் சொல்வார். அவ்வளவு கூரான கண்ணுக்கு, சொந்த ஊர் நிறம் மாறியிருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

பெற்றோர் இறந்து, அக்கா கோலாலம்பூருக்கும் தம்பி சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை. மலேசியா போகிற எல்லாரையும் அங்கே அனுப்பிவைப்பார். "பினாங்குல சாப்பிடறவன் பேருக்குச் சாப்பிடறான். பசிக்குச் சாப்பிடறவன் எங்க ஊருக்குத்தான் லா போவான்" என்பது அவருடைய கொள்கை; 'லா' அவர் ஊர்ப் பேச்சின் வால். தொழிற்சாலையில் கழிக்கப்பட்ட வண்ண அட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் ஊரை வரைந்து, சாலையோர ஒட்டுக்கடைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுப்பார். தெருப் பெயர் ஒன்றும் இருக்காது. ரயில் நிலையத்திலிருந்து பெரிய சடக்கைப் பிடித்து, அந்தச் சாலையிலேயே நட. பள்ளிவாசல் தாண்டி மழைமரத்தடியில் சுப்பையா அண்ணன் அப்பக்கடை. ஏழு மணிக்குள் போ. ஓரம் மொறுமொறுவென்று வேண்டும் என்று நீயாகக் கேள். அதற்கு எதிரே செண்டோல் என்ற குளிர்பானம் விற்கும் சீனர். அவரிடம் ஐஸ் குறைத்துப் போடச் சொல்லாதே, கோபித்துக்கொள்வார். இப்படி ஏழு கடைகள்.

1998இல் நானும் என் மனைவியும் அந்த அட்டையோடு போனோம். பள்ளிவாசல் இருந்தது. மழைமரம் இருந்தது. அதன் அடியில் மோட்டார்சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். சுப்பையா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. செண்டோல்காரர் மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டாராம். ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெயிலில் அட்டையும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்து ஒருவர் வண்டியை நிறுத்தினார். நாங்கள் வந்த இடத்தையும் சுப்பையா பெயரையும் சொன்னதும், "அவரைத் தேடியா ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்தீங்க?" என்று கேட்டுத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ப் பசியாற வைத்தார். அந்த மீன் குழம்பைப் பற்றி என் மனைவி இன்றும் பேசுகிறாள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் குணசீலன் எங்கள் வாசலில் நின்றார். அப்பம் எப்படி என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து ஒரு மரணச் செய்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அருமை, ஓரம் மொறுமொறு என்றேன். "அப்படியே வெச்சிருக்காரு பாருங்க" என்று மகிழ்ச்சியாகப் போனார். நான் ஒருவன்தான் பொய்யன் என்று மூன்று வருடம் உறுத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் மெல்ல விசாரித்தால், அட்டையோடு போன இன்னும் நான்கு குடும்பங்களும் அதே அப்பத்தைச் சாப்பிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தன. இறந்துபோன சுப்பையாவுக்கு மல்கிரேவில் வியாபாரம் சூடாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் உண்மை: ஐந்து குடும்பங்களுக்கும் அந்த ஊரில் யாரோ ஒருவர் சாப்பாடு போட்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் 2002இல் கேதீஸ்வரன் முறை வந்தது. குணசீலனின் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து 1988இல் அகதியாக வந்தவர். பதினான்கு வருடமாகத் தாயைப் பார்க்கவில்லை. தாய் நாகேஸ்வரிக்கு ஆஸ்திரேலியா விசா இரண்டு முறை மறுத்திருந்தது. இவருக்கோ ஊருக்குப் போக இன்னும் பயம். சமாதானப் பேச்சு தொடங்கிப் பாதை திறந்ததும், இருவரும் மலேசியாவில் பத்து நாள் சந்திப்பது என்று முடிவாயிற்று. தாய்க்கு எழுபத்திரண்டு வயது, இன்னொரு தடவை அமையும் என்று யாரும் சொல்ல முடியாது. அவரோ சுத்த சைவம், வெளிச்சாப்பாடு தொடமாட்டார். கோலாலம்பூர் வேண்டாம், நெரிசலில் அம்மா பயந்துபோவார், எங்கள் ஊரில் அறை எடுங்கள், அம்மாவுக்கு ஏற்ற சைவக் கடை மட்டும் மூன்று இருக்கிறது என்று குணசீலன் அட்டையை நீட்டினார். கேதீஸ்வரன் நம்பி அறை பதிவு செய்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொன்னால் ஐந்து குடும்பங்கள் பொய்யர்களாகும். சொல்லாவிட்டால் ஒரு கிழவி பட்டினி கிடப்பார். கடைசியில், படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன்: இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கி கேதீஸ்வரனிடம் கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்றேன். மனிதர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நான் சொல்லாமல் சொன்னது மட்டும் போய்ச் சேரவில்லை.

கேதீஸ்வரன் திரும்பி வந்த ஞாயிறு குணசீலன் வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். குணசீலனின் மனைவி லெட்சுமி தேநீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குணசீலன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் அட்டையிலை கீறித் தந்ததிலை ஒரு கடையும் இப்ப இல்லை" என்றார் கேதீஸ்வரன்.

குணசீலன் என் பக்கம் திரும்பினார். "ஓரம் மொறுமொறுன்னு சொன்னீங்களே அண்ணே?"

"அப்பவே சுப்பையா செத்து அஞ்சு வருஷம்" என்றேன்.

"எனக்குத் தொண்ணூத்தாறுலயே தெரியும்" என்றார் லெட்சுமி. "உங்க அக்கா போன்ல சொன்னாங்க. உங்ககிட்ட யாரு லா சொல்றது?"

குணசீலன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டது கடையைப் பற்றியல்ல. "அப்ப அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

கேதீஸ்வரன் சொன்னது இது. முதல் நாள் காலை மழைமரத்தடியில் விசாரித்தபோது, அடுத்த சந்தில் சுப்பையாவின் மருமகள் செல்வராணி வீட்டு வாசலில் இடியப்பம் விற்பதாகக் காட்டினார்கள். அந்த ஊர் வழக்கப்படி அவர் தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் தூவி நீட்டினார். நாகேஸ்வரி தட்டைப் பார்த்தார். இடியப்பத்துக்குச் சர்க்கரையோ, இது சாப்பாடோ பலகாரமோ என்று அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். கேதீஸ்வரனுக்கு மானம் போயிற்று. செல்வராணிக்குக் கோபம் வரவில்லை. அப்படியானால் உங்கள் ஊரில் எப்படி, உள்ளே வந்து செய்து காட்டுங்கள் அம்மா என்றார்.

"குசினிக்குள்ளை போனவ பத்து நாளும் வெளியிலை வரேல்லை" என்றார் கேதீஸ்வரன். "விடிய எழும்பி அங்கைதான் போறவ. தேங்காய்ப்பாலிலை சொதி வைச்சு, சம்பல் இடிச்சு, வாற சனத்துக்கெல்லாம் ஊத்தினவ. மூண்டாம் நாள் சர்க்கரை கேக்கிற ஆக்களுக்குப் பேச்சு விழுந்தது. உங்கடை குக்கர் பெட்டி பிரிக்கவே இல்லை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சொதி எப்படி இருந்திச்சு?" என்றார் குணசீலன்.

கேதீஸ்வரன் சொதியை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிச் சொன்னார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். உள்ளேயிருந்து தட்டு வரும். அது முடியுமுன் அடுத்தது வரும். "பதினாலு வருசம், அண்ணை. நான் அவவுக்குச் சாப்பாடு தேடிப் போனனான். அவ எனக்குப் போட்டவ."

லெட்சுமி எழுந்து, தேவையே இல்லாமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கேதீஸ்வரன் குணசீலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நன்றி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நம்மவர்களுக்கு அது மேடையில்தான் வரும். தவறான வழிகாட்டி ஒருவருக்கு இவ்வளவு உண்மையான நன்றி கிடைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் பங்கும் அதில் சேர்த்திதான். அந்த மீன் குழம்புக்கு நானும் அவருக்குக் கடன்பட்டவன்.

குணசீலன் கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து வந்து கேதீஸ்வரன் முன்னால் வைத்தார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்படிப் போகணும்? போடுங்க. டிசம்பர் லீவுல நாங்க போறோம்."

கேதீஸ்வரன் ரயில் நிலையத்தை வரைந்தார். சடக்கை இழுத்தார். மரத்தைப் போட்டு, சந்துக்குத் திரும்பும்போது குணசீலன் கை குறுக்கே வந்து பேனாவைப் பிடித்தது.

"அந்தச் சந்து வலது கைப் பக்கம் லா."

"இடது கைப் பக்கம், அண்ணை. நான் பத்து நாள் நடந்தனான்."

குணசீலன் கையை எடுத்துக்கொண்டார்.