ஹெட்போனைக் கழற்றி வைப்பவர்

போர்ட் பிளேர் வயர்லெஸ் ஆபீசில் என்னோடு வேலை பார்த்த அவர் ஒல்லி, காது மட்டும் பெரிது. எப்போதும் சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்பார். இடைவேளை வந்தால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வராந்தாவில் சும்மா நிற்பார். அப்படியும் மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலின் மங்கலான சிக்னல் அவருக்குத்தான் முதலில் கிடைக்கும். எனக்கு வயிறு எரியும். நான் சத்தத்தை முழுக்கத் திருகி வைப்பேன்.

“கம்மி பண்ணுங்கண்ணே, காது போயிடும்” என்றார் ஒருநாள்.

“உங்க காதைப் பாத்துக்கங்க, போதும்” என்றேன்.

பல வருஷம் கழித்து, அக்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் அவரைப் பார்த்தேன். இஞ்சின் இரைச்சலிலும் அவர் மனைவி மெல்ல ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். என் மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள். ஊர் கேட்கக் கத்த வேண்டுமே என்று, வெளியிடங்களில் அவள் என்னிடம் பேசுவதே இல்லை.