பின் இருக்கையில் ஏறிய கூடாரம்

அடுத்தவர் வீட்டுச் சாமான்களைக் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்கிவைப்பதுதான் அவன் பிழைப்பு. வேலையிடத்தில் அவனுக்கு அடுக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒருமுறை மூன்றாம் மாடியிலிருந்து பியானோ ஒன்றை இறக்கினான். அதன்மேல் படுத்திருந்த பூனை, லாரியில் ஏறிய பிறகுதான் கண் விழித்துக் கொட்டாவி விட்டது. நம்பாதவர்கள் பூனையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவனுக்கு இப்போது தன் வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இடுப்புவலி அவனுக்கு முன்பே எழுந்து, அவன் தூங்கிய பிறகே தூங்கியது. மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு, வீங்கிய காலோடு வருவாள். பைக்கில் மலைப்பக்கம் போய், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, எதையும் தூக்காமல், எதையும் தேய்க்காமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. ஒவ்வொரு முறையும் அவன்தான், "உடம்பு முடியல, அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டான்.

இந்த முறை அவள் சொல்லிவிட்டாள்: "இதுவும் நின்னுச்சுன்னா, இனிமே நான் கூப்பிட மாட்டேன். நீங்களும் என்னை எங்கயும் கூப்பிட வேணாம்."

சண்டையாகச் சொல்லியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். துணி மடிக்கிற குரலில் சொன்னாள்.

எனவே லீவு நாளன்று விடிந்ததும் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து மூட்டை கட்டத் தொடங்கினான். சாமான்களுக்கு நடுவே இடம் விட்டால் ஆடும், ஆடினால் உடையும் என்று கை பழகியிருந்தது. பாத்திரத்துக்குள் அடுப்பு, அடுப்பைச் சுற்றிக் காலுறைகள், சுருட்டிய பாய்க்குள் கூடாரக் கம்பிகள். பைக்கின் இருபுறமும் பைகள், பின்னால் தண்ணீர் கேன், மடக்கு நாற்காலிகள், தூங்குபைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெல்ட்டை இழுத்து இறுக்கினான். வண்டியைப் பிடித்து உலுக்கினான். ஒரு கரண்டிகூட முனகவில்லை.

முதல் மாடித் தையல்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, வீட்டைக் காலி பண்றீங்களா? ஓனர்கிட்ட சொல்லியாச்சா?"

"நீ போய் பட்டன் தைடா."

மனைவி ஹெல்மெட் மாட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ரொம்ப அம்சமா இருக்கு. நான் எங்க உக்கார்றது?"

அவன் திரும்பிப் பார்த்தான். பின் இருக்கையில் கூடாரம் புதுப்பெண் மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இல்லம்மா... எங்க வேலையில சாமான் லாரில போகும். ஆளுங்க வேற வண்டில வந்துருவாங்க. அந்தப் பழக்கத்துல..."

"அப்ப நான் பஸ் புடிச்சு வரட்டுமா?"

மேலே தையல் மெஷின் சத்தம் நின்றது. இப்படிப்பட்ட வசனத்தை யார்தான் தவறவிடுவார்கள்?

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கைப்பிடியைப் பற்றினாள். அவன் பதறி, "அஞ்சு நிமிஷம், அவுத்துக் கட்டிடறேன்" என்று குனிந்தான். குனிந்த இடத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். முடியல என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் மேலே போய்விடுவாள். விழுங்கிக்கொண்டான்.

"லாரில முதல்ல பீரோவை நிறுத்திட்டுத்தான் மத்ததை அடுக்கணும். நான் பீரோவை மறந்துட்டேன். நீ வந்து ஏறி உக்காரு. உன்னைச் சுத்திக் கட்டுறேன். எது இடிக்குதோ அது வேணாம்."

"என்னைப் பாத்தா பீரோ மாதிரி இருக்கா?"

"சரி, நகைப்பெட்டி."

"பீரோவே இருக்கட்டும். பெட்டின்னா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்."

கைப்பிடியை விட்டாள். பெல்ட்டை அவளே தளர்த்தினாள். கூடாரத்தைக் கீழே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவன் தரையில் இருந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். நாற்காலி? வேணாம். தண்ணீர் கேன்? வேணாம். அடுப்பு? அவள் அதை வெறுப்போடு பார்த்தாள். "அங்க போயும் சமைக்கவா? கடையில தின்னுக்கலாம், தள்ளுங்க." கூடாரம், கம்பிகள் சுருட்டிய பாயோடு, அவள் முதுகுக்குப் பின்னால் சாய்மானமாகப் போனது. தூங்குபைகள் பக்கவாட்டில் தொங்கின. மிச்சத்தையெல்லாம் தையல்காரன் இறங்கி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே தூக்கிப் போனான்.

சுவரைப் பிடித்து எழுந்து வண்டியை எடுத்தவன், ஊர் எல்லையில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பங்க்காரர், "கொஞ்சம் இறங்குங்கக்கா" என்றார்.

"இறக்கிவிட்டா நீங்கதான் தூக்கி வைக்கணும். இவரால ஆகாது."

பங்க்காரர் அவளைச் சுற்றியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து நின்ற அவனைப் பார்த்தார். குழாயை எடுத்தார்.

அவன் மெல்ல வண்டியில் ஏறினான். "போலாமா?"

"போங்க. நான் தூங்கிட்டா எழுப்ப வேணாம். வண்டியை மட்டும் திருப்பிடாதீங்க."