பைண்டர் பாய் செய்த கோன்

பழுப்புக் காகிதத்தில் செய்த ஒரு கோன், வாயகன்ற புனலைப் போல, என் மடியில் இருந்தது. கோரிப்பாளையத்திலிருந்து ஜட்கா வண்டியில், பச்சைப்பிள்ளையை அணைப்பதுபோல அதை அணைத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தேன். உலகச் சண்டைக் காலம் அது. சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நிற்கும் பெரிய ஸ்பீக்கரின் கோன் கிழிந்துவிட்டது. சீமையிலிருந்து வேறொன்று வர வழியில்லை. அங்கே ஆபரேட்டராக இருந்த நான், காகிதத்தின் குணம் தெரிந்தவர் யாரென்று யோசித்து, புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டர் பாயிடம் போய் நின்றிருந்தேன்.

பாய் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். காகிதத் தட்டுப்பாட்டில் அச்சாபீசுகளே முடங்கிக் கிடந்தன. "புஸ்தகமே இல்லாத ஊர்ல பைண்டருக்கு என்ன சோலி தம்பி, ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார். வழவழப்பான தாள்களையெல்லாம் ஒதுக்கி, நாரோடிய, மெத்தென்ற ஒரு தாளை எடுத்துக் காதருகே சுண்டிப் பார்த்தார். புத்தக முதுகுக்கு ஒட்டும் மெல்லிய ஆட்டுத்தோலை விளிம்பில் வளையமாக ஒட்டினார், கோன் தாராளமாக முன்னும் பின்னும் ஆடட்டும் என்று. "இதுமேல எதையும் பூசிராத தம்பி. விறைச்சுப்போச்சுன்னா சத்தம் மேலயே நின்னுக்கிரும், அடிக்கு எறங்காது." மழைக்கு லேசாகத் தொய்யும், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார்.

அன்றைய மாலை ஆட்டத்தில் மிருதங்கத்தின் இடந்தலையில் விழுந்த ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. தரை டிக்கெட்டில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "மாப்ள, இடி நம்ம வயித்துக்குள்ளல்ல இடிக்குது" என்றாராம். இப்போது அலுமினியத்தில்கூடக் கோன் வருகிறது. என் மகன் வாங்கிவந்த பெட்டியில் எல்லாம் பளிச்சென்று கேட்கிறது, ஆனால் எதுவும் அப்படி நெஞ்சில் வந்து உட்காருவதில்லை. கொட்டகை முதலாளிக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒத்தக்கடையிலும் வாடிப்பட்டியிலும் தனக்கிருந்த கொட்டகைகளின் ஸ்பீக்கர் வேலையும் இனிமேல் பாய்க்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் கோன் தொய்ந்து, சத்தம் கொழகொழத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் கோன் தகரமாக விறைத்துக்கொண்டது. பேச்சு கணீரென்றுதான் கேட்டது. மிருதங்கமோ காலி டப்பாவைத் தட்டியதுபோல ஆகிவிட்டது.

முதலாளி பாயை வரவழைத்தார். "என்ன காகிதம்யா இது, மூணு மாசம் தாங்கல?" நான் பக்கத்தில்தான் நின்றேன். பாய் கோனை நகத்தால் தட்டினார். குனிந்து முகர்ந்தார். ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காகிதம் மட்டமாப் போச்சுங்க முதலாளி. என் தப்புத்தான்."

மற்ற இரண்டு கொட்டகை வேலையும் அந்த இடத்திலேயே அவர் கையைவிட்டுப் போயிற்று.

வாசல்வரை அவர் பின்னாலேயே போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்க மட்டும் வாய் வந்தது.

"ஒனக்கு ரெண்டு பிள்ளைக. இங்கருந்து வெரட்டுனா எங்க போவ? எனக்கென்ன, புஸ்தகம் கட்டுற சோலி அம்புட்டுக் கெடக்கு" என்றார்.

அப்படி ஒரு சோலியும் கிடையாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். முதலாளி பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சரி பாய்" என்றேன். ஆட்டத்துக்கு மணி அடித்தார்கள். உள்ளே போய்விட்டேன்.