சித்தியின் சோர்வுக்கு நான் சொன்ன காரணம்

ஆங்கிலத்தில் எது வந்தாலும் எங்கள் வீட்டில் அது நேராக என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ், மிக்ஸியோடு வரும் புத்தகம், எல்லாவற்றுக்கும் நான்தான் அதிகாரி. அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் யாரும் இல்லாததால் அந்தப் பதவிக்குப் போட்டியே கிடையாது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, கூட வந்த சோர்வு போகவில்லை. வேலையை விட்டாள். மாதக்கணக்கில் பாயிலேயே கிடந்தாள். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, எல்லாம் நார்மல், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு டாக்டரம்மா மட்டும் இது நாட்பட்ட சோர்வு நோயாக இருக்கும் என்றார். ஷேர் ஆட்டோ ஓட்டும் சித்தப்பாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. சோர்வு ஒரு நோய் என்றால் சாயங்காலம் தன் வண்டியில் ஏறுகிற அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில்தான் இறக்க வேண்டும் என்பார்.

அவர் சந்தேகத்துக்கு ஒரு சாட்சியும் இருந்தது. சில வெள்ளிக்கிழமைகளில் சித்தி எழுந்து, தலைசீவி, பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை, ஒரு ரோஜாச் செடி என்று வாங்கி வந்துவிடுவாள். மறுநாள் மறுபடியும் பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா அவளை ஆட்டோவில் கூட்டிவந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"இன்னாக்கா பண்றது? சந்தைக்குப் போவ தெம்பு கீது, சோறு வடிக்கத் தெம்பு இல்ல. உன் தங்கச்சிய நீயே வச்சிக்க. பசங்கள நான் பாத்துக்கறேன்."

பிள்ளைகள் பேச்சு வந்ததும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "தம்பி, அந்த நோவு பத்தி மாடி வீட்டு அக்கா நியூஸ் ஒன்னு அனுப்பிக்கீது. இவன் படிக்கட்டும். கேட்டுட்டு அப்பறம் போ," என்று போனை என்னிடம் கொடுத்தாள்.

"படிடா நைனா," என்றார் சித்தப்பா. "காரணம் இன்னான்னு போட்டுக்கீதா, அத்த மட்டும் சொல்லு."

காரணம் கண்டுபிடிக்கப்பட்டது என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் இருந்தது. உரக்க வாசித்துத் தமிழிலும் சொன்னேன். அம்மா ஜெயித்துவிட்டவளாகச் சித்தப்பாவைப் பார்த்தாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதுகிறவனுக்கு எங்கள் சயின்ஸ் மிஸ் முட்டைதான் போடுவார். எனவே உள்ளே போனேன். உள்ளே எங்கு பார்த்தாலும் 'இருக்கலாம்'. காய்ச்சலோடு சண்டை போட்ட உடம்பு அது போன பிறகும் சண்டையை நிறுத்தாமல் இருக்கலாம். தசைக்குச் சக்தி கிடைப்பதில் கோளாறு இருக்கலாம். கொஞ்சம் பேரிடம்தான் பார்த்திருக்கிறார்கள், இது ஆரம்பம்தான், இன்னும் நிறையப் பார்க்க வேண்டும்.

"தலைப்பு தப்பு சித்தப்பா. காரணம் இன்னும் தெரியல."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"அப்ப ஒன்னும் இல்லன்னு சொல்லு." அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஒன்னும் இல்லன்னு போடலயே! தெரியலன்னுதான் போட்டிருக்கு. பாலம் கட்றாங்கல்ல, தூண் மட்டும் நிக்குது. அதுமேல உங்க வண்டி போவாது. அதுக்காக அங்க பாலமே இல்லன்னுடுவீங்களா?"

"அந்தத் தூணு நீ பொறக்கசொல்லவே நின்னுகினு இருந்துதுடா," என்றார். சித்திகூடச் சிரித்துவிட்டாள்.

அவர் கிளம்புவதற்குள் அடுத்த பத்தியையும் படித்தேன். அதில் மட்டும் 'இருக்கலாம்' இல்லை. இந்த நோய் உள்ளவர்கள் ஒரு நாள் கொஞ்சம் அதிகம் நடமாடினால், அன்றைக்குச் சமாளித்துவிடுவார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழ முடியாமல் சுருண்டுவிடுவார்கள்.

"இன்னொரு தபா படி," என்றார். படித்தேன்.

சித்தியைப் பார்த்தார். "சனிக்கெழம சனிக்கெழம அதானா?"

"அதத்தான சொல்லிகினே கீறேன். நீ எங்க கேட்ட?"

சித்தப்பா சாவியை விரலில் ஒரு சுற்று சுற்றினார். பிறகு, "ஏறு. பசங்க தேடும்," என்றார். வாசல் தாண்டியதும், "இனிமே சந்தைக்கு நடக்காத. வண்டில குந்திகினு கை காட்டு, நான் வாங்கியாறேன்," என்றார்.

அன்று மாலைக்குள் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தொடையைக் கிள்ளிய அதே அம்மா, "எம்புள்ள இங்கிலீசுலயே வாதாடி என் தங்கச்சிய அனுப்பி வச்சான்," என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் பட்டம் வாங்கினேன், மேடையேறிக் கைகுலுக்கினேன். எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஒன்று மட்டும் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரணம் தெரியாத நோய் என்று என் வாயாலேயே கேட்டுவிட்டாளே, அந்தத் துக்கம்தான் என்று நினைத்தேன்.

"அழுவாத சித்தி, சீக்கிரமே கண்டுபிடிச்சிடுவாங்க."

"மெதுவா கண்டுபிடிக்கட்டும்டா கண்ணு," என்று அழுகையோடு சிரித்தாள், முன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தபடி.

நோயாளி பேசுகிற பேச்சா இது? சோர்வு மூளைக்கும் ஏறிவிட்டது போல என்று முடிவு செய்துகொண்டேன். அப்படியும் ஆகலாம் என்று செய்தியில் ஒரு வரி இருந்தது.