நெல் நனைந்த ஞாயிற்றுக்கிழமை

இடது கால் பைக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஆள் இல்லை. அங்கிருந்து தேவன் என்னைத் தூக்கிவிட்ட கதையைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. நான் செஞ்சியில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டே நாலு வார்த்தை கற்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் மனம் கிடந்த கிடையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் மனைவி கிரேசுக்கும் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் முழங்காலில் நின்று கேட்டோம். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். கடவுளோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். தொண்டூர், அவலூர்பேட்டை, பனமலை என்று வண்டி திரும்புகிற பக்கம் போவேன்.

அந்தப் பயணங்கள் இனித்தன என்பதை மறைக்க மாட்டேன். கல்யாணமான புதிதில் அதே ரோடுகளில் கிரேஸ் பின்னால் உட்கார்ந்து வருவாள். "மெதுவா போங்க, நமக்கு இன்னா ஆபீஸா போவுது" என்று முதுகில் தட்டுவாள். புளியமரம் வந்தால் இறங்கி மடி நிறையப் பழம் பொறுக்குவாள். தனியாகப் போன வருடங்களிலும் அந்தத் தட்டலை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் வீட்டில் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அன்றைக்குக் கத்திரி வெயில். ஒரு மாதமாகச் சொட்டு மழை இல்லை. சபையில் ஆராதனை முடிந்ததும் மழைக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள்.

"இன்னைக்காவது வாங்களேன். ஊருக்கே மழை கேக்கறோம்" என்றாள் கிரேஸ்.

"நான் கேட்டா வர்ற மழையும் நின்னுடும். நீ போ."

"அப்ப ரெயின்கோட்டாவது எடுத்துனு போங்க."

சிரித்துவிட்டு அதை எடுக்காமலே கிளம்பினேன்.

பனமலை ஏரிக்கரையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். ஏரி வெடித்துக் கிடந்தது. மூன்று மணி வாக்கில் திரும்பினேன். அனந்தபுரம் போகிற கிராமத்து ரோட்டில் பாதி தூரம் வந்திருப்பேன், முதுகுப் பக்கம் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. திரும்பிப் பார்த்தால் மேகம் கன்னங்கரேலென்று வருகிறது. முதலில் புழுதிக் காற்று. அடுத்து புளியங்கொட்டை அளவில் ஆலங்கட்டி. ஒதுங்க ஒரு கூரை கிடைக்காதா என்று வேகத்தைக் கூட்டினேன்.

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல்லைத் தார் ரோட்டில்தான் காயவைப்பார்கள். ரோட்டில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும், ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள். அன்று அந்த வளைவில் காற்று நெல்லை முழு ரோட்டுக்கும் வாரி இறைத்திருந்தது. அதன் மேலேயே நேராகப் போயிருக்கலாம். சோற்றை மிதிக்கக் கூடாது என்று வளர்ந்த உடம்பு, யோசிப்பதற்குள் ஹேண்டிலைத் திருப்பிவிட்டது. முன் சக்கரம் கல்லில் ஏறியது. நானும் வண்டியும் ஓரக் கால்வாயில் விழுந்தோம்.

விழும்போது கால்வாய் காய்ந்து கிடந்தது. அடுத்த நிமிடமே மழை கொட்டத் தொடங்கியது; கால் மணி நேரத்தில் வயல்களின் தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கியது. வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. காலில் எலும்பு விட்டுப்போனது தெரிந்தது. செல்போன் தண்ணீரில் போய்விட்டது. இரண்டு முழங்கையையும் ஊன்றித் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது.

அப்போதுதான் வாய் திறந்தது. அதை ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. "உனக்குக் காது இருக்குதா இல்லையா? இந்த மழையை நிறுத்து. இதுக்கு மேல உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினேன். எத்தனையோ வருடம் கழித்து அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

மழை நிற்கவில்லை. இன்னும் வலுத்தது. ரோட்டு நெல் அடித்துக்கொண்டு வந்து என் தாடையில் ஒட்டியது. சரி, இதுதான் பதில் என்று நினைத்தேன். கிரேசின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வயதானவரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். நெல்லை மூட வந்தவர்கள். அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார்.

"யோவ், ஆளு கெடக்குது."

"நெல்லு போவுதுடி."

"நெல்லு போனா போவுது. நீ எறங்கு மொதல்ல."

பெரியவர் கால்வாய்க்குள் குதித்து என் தலையைத் தொடையில் தாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் தார்ப்பாயின் கயிற்றை ஹேண்டிலில் கட்டி, மறுமுனையைத் தோளில் போட்டு, ஏர் மாடு மாதிரி குனிந்து இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கால் விடுபட்டது. என்னை மேட்டில் கிடத்தி, நெல்லுக்குக் கொண்டுவந்த தார்ப்பாயை என் மேல் போர்த்தினார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே நெல் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பிடிப்பா வுழுந்த?" என்றார் பெரியவர், பக்கத்தில் குத்துக்காலிட்டு.

"நெல்லு மேல ஏத்தக் கூடாதுன்னு திருப்பினேன்."

"பஸ்ஸே அதும் மேலதான் போவுது, நீ இன்னாத்துக்குப்பா மரியாத பாத்த?" என்றவர், பிறகு மெதுவாக, "மூட்ட கட்ற வரைக்கும் மழ வேணாம்னு காலைலதான் மாரியாத்தாகிட்ட வேண்டிகினேன்" என்றார்.

"அவளுக்கு இந்தத் தம்பி கெடக்கறது தெரிஞ்சிருக்குது, ஒனக்குத் தெரியல" என்றார் அந்த அம்மாள்.

பெரியவர் பெயர் முனுசாமி, அந்த அம்மாள் அஞ்சலை. ஊருக்குள் ஓடிப் போய் டிராக்டர் கொண்டுவந்து என்னை ஏற்றியதும் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கிரேஸ் ஈரத் தலையோடு வந்தாள். நடந்ததைக் கேட்டு என் கட்டுப் போட்ட காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அந்நேரம் நாங்க முழங்கால்ல இருந்தோங்க. ஓட்டுல மழ சத்தம் கேட்டதும் எல்லாரும் அழுதுட்டோம்" என்றாள்.

அவள் மழை வர வேண்டும் என்று கேட்டாள். நான் நிற்க வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டபடி மழை நின்றிருந்தால் அந்த இருவரும் நெல்லை மூட வீட்டை விட்டு வந்திருக்கவே மாட்டார்கள். உடைந்த காலோடு அந்த வெறிச்சோடிய ரோட்டோரம் எத்தனை நேரம் கிடந்திருப்பேனோ. என்னை மூழ்கடிக்கப் பார்த்த அதே மழைதான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது.

கட்டுப் பிரித்ததும் சபைக்குப் போனேன். பிள்ளை பிறக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வலி இன்னும் இருக்கிறது. இப்போது அதை அவரிடமே சொல்லி அழுகிறேன். கிரேஸ் மறுபடி என் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். ஒவ்வொரு கோடையிலும் நெல் காயும் நாட்களில் அந்த வளைவுக்குப் போவோம். முனுசாமி ஐயா கால்களால் நெல்லைக் கிளறியபடியே, "உன் சாமிய கொஞ்சம் பாத்துப் பெய்யச் சொல்லு" என்று என்னைச் சீண்டுவார். போன வருடம் அவர் தவறிவிட்டார். இந்தக் கோடையில் அஞ்சலை அம்மாளோடு நாங்கள் இருவரும்தான் நெல்லைக் கிளறினோம்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய் வாயை மூடிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் கோபமாகவாவது அவரிடம் பேசுங்கள். நான் திட்டத்தான் வாய் திறந்தேன். அவர் இரண்டு வயதானவர்களை மழையில் ஓட வைத்தார்.