டக்கோட்டாவுக்கு ஒரு தேசிக்காய்

டக்கோட்டா விமானம் மயிலிட்டிக் கடலுக்கு மேலால் தாழ்ந்து பலாலியில் இறங்கப் போகும்போது, வலை இழுப்பவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் அதில் ஏறவேண்டி வந்தது. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் தப்பமாட்டார், ரயில் குலுக்கலையும் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவான ஐயா செலவுக்கு வள்ளத்தை விற்றார்.

பலாலி வேலியோரம் காத்திருந்தபோது அம்மா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்தார். எலுமிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"சில்லுக்குக் கீழை இதை வைச்சு நசிக்காமல் நான் ஏறமாட்டன்."

"அக்கா, உதென்ன லொறியே?" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

"லொறி தரையிலை ஓடுறது. அதுக்கே வைக்கிறம். உது ஆகாசத்திலை போறதெல்லோ!"

ஐயா கெஞ்சிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. அதற்குள் விமானம் இறங்கி, வாலைத் தரையில் ஊன்றி, குந்தியிருக்கும் நாயைப்போல மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. மாமா தேசிக்காயைப் பறித்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

வாசலில் காவற்காரன் அவரைத் துரத்திவிட்டான். மாமா ஒரு கொட்டிலின் பின்னால் போய், தேசிக்காயைச் செம்மண்ணில் வைத்து, வெறுங்குதிக்காலால் ஓங்கி மிதித்தார். பிறகு ஒற்றைக்காலில் துள்ளினார். என்னைக் கண்டதும், "வாயைத் திறந்தியோ, கடலிலை போட்டிடுவன்" என்றார்.

எனக்கு அந்தப் பயமில்லை. இந்தக் கள்ளத்தால் விமானம் விழுந்துவிடுமே என்றுதான் பயந்தேன்.

"பார் அக்கா, பெரிய சில்லு ஏறின ஏத்திலை அப்பளமாப் போச்சு!" என்று மாமா திரும்பி வந்து நசிந்த தேசிக்காயை நீட்டினார்.

அம்மா தேசிக்காயைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த செம்மண்ணைச் சேலையால் துடைத்தார். நொண்டிக்கொண்டு நின்ற மாமாவையும் பார்த்தார். பிறகு எழும்பி, என் தலையைத் தடவிவிட்டு நடந்தார். வாசலில் திரும்பினார்.

"தம்பி, காலைக் கழுவு. வெடிப்புக்குள்ளை புளி போனால் எரியும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இயந்திரங்கள் இரண்டும் இருமிப் புகை கக்கின. விமானம் கடலுக்கு மேலே புள்ளியாகும்வரை பார்த்தேன். விழவில்லை. அம்மாவும் நெஞ்சில் நீளத் தழும்போடு திரும்பி வந்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, லொறியிலும் கப்பலிலுமாக ஊரூராய் அலைந்தவன் நான். ஏறிய எதற்கும் தேசிக்காய் வைத்ததில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சாகப் பயந்து போகிற நேரத்திலும் அம்மாவுக்குத் தம்பியின் குதிக்கால்தான் கவலை என்பது. மாமாவின் காலில் புளி பட்டது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவேயில்லை.